முன்னோர் விட்டுச் சென்ற படைக்கலம்

வேலுத்தம்பித் தளவாய் தம் வாழ்வின் இறுதி நாட்களில் கிளிமானூர் அரண்மனைக்குச் சென்று, தம் வாளை அங்கே ஒப்படைத்துவிட்டு மண்ணடி நோக்கிப் புறப்பட்டார் என்பது தென் திருவிதாங்கூரில் சிறு பிள்ளைகளும் அறிந்த செய்தி. தளவாயின் வீரத்தைப் பலரும் பாராட்டி எழுதியிருக்கின்றனர். அந்த வாளைக் கைநீட்டி வாங்கி வைத்துக்கொண்டவர்களைப் பற்றி அவ்வளவாக எழுதினாரில்லை. நமக்கோ, இவ்வாண்டு, தளவாயைவிட அவர்களைப் பற்றியே மிகுதியாக எண்ண வேண்டியதாயிற்று.

காரணம் இது. ஒற்றசேகரமங்கலத்தில் வாழும் நம் சங்கக் குடும்பம் ஒன்றில், இரண்டாம் உலகப் போரில் பர்மா முனையில் பணியாற்றிய முன்னோர் ஒருவர் வைத்துச் சென்ற இராணுவக் கைத்துப்பாக்கி ஒன்று உண்டு. அவருக்குப் பின் அவர் மகனார் முறையாக உரிமம் பெற்று அதனைக் காத்து வந்தார். அவரும் மறைந்தபின், சட்டம் விதித்தபடி, பிள்ளைகள் அதைக் காவல் நிலையத்தில் ஒப்படைத்து ரசீது பெற்றுள்ளனர். இனி அதை என்ன செய்வது என்பதில் அண்ணன் தம்பியரிடையே கருத்து வேறுபாடு எழுந்தது. மூத்தவர், வாரிசு முறையில் உரிமம் கேட்டு வாங்கி வீட்டிலேயே வைக்க வேண்டும் என்றார். இளையவர், சுடவும் சுடாத, பூசவும் பூசாத இரும்பு நமக்கெதற்கு, கிடைத்த விலைக்குக் கொடுத்துவிடலாம், இல்லையேல் மாற்றாக வேறொரு பொருளைப் பெறலாம் என்றார். அவர்களுடைய அத்தையார் இரண்டு பக்கமும் சேராமல், சங்கத்தாரைக் கேட்போம் என்று கூறிவிட்டார். சரித்திரம் எழுதுவது நம் வழக்கமாதலால், வழக்கைத் தீர்க்கும் பொறுப்பும் நம் தலையில் வந்து விழுந்தது.

அது வெப்ளி என்னும் ஆங்கிலக் கம்பெனி செய்த ஆறு தோட்டாச் சுழல்துப்பாக்கி. ‘ஆறாம் மார்க்கு’ என்று பொறித்த இவ்வகை 1915ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் படையில் ஏற்றுக்கொள்ளப்பட்டது. விட்டம் .455 அங்குலம், குழலின் நீளம் 6 அங்குலம், எடை ஒரு கிலோவுக்குச் சற்று மேல். கட்டைவிரலால் ஒரு நெம்பை அழுத்தினால் துப்பாக்கி நடுவில் மடிந்து, வெற்றுத் தோட்டாக்கள் ஆறும் ஒருமிக்க மேலெழுந்து விழும். சேறும் மழையும் நிறைந்த போர்க்களத்தில் பழுதின்றி உழைத்தது என்பதே இதன் புகழ். கைப்பிடியின் அடியில் கயிறு கோக்க ஒரு வளையம் இருக்கும். குதிரையிலிருந்தோ அகழியிலோ கைதவறி விழுந்தாலும் தொலையாதிருக்க அந்த ஏற்பாடு.

வைப்பதா, கொடுப்பதா என்னும் கேள்வி அந்த ஒரு வீட்டுக்கு மட்டும் உரியதன்று. நெய்யாற்றங்கரை முதல் தோவாளை வரையுள்ள சீமையில் படைக்கலம் வீட்டுக்குள் வந்ததும், வீட்டைவிட்டுப் போனதும் பெரிய கதை. அக்கதையை அறியாமல் விடை சொல்லலாகாது என்று நாம் கருதினோம்.

மார்த்தாண்ட வர்மர் 1729இல் பட்டத்துக்கு வந்தார். அதற்கு முன் எட்டு வீட்டுப் பிள்ளைமாரின் ஆட்களுக்கு அஞ்சி அவர் மறைந்து திரிந்த நாட்களில், நெய்யாற்றங்கரையில் ஒரு பலாமரத்தின் பொந்து அவருக்குப் புகலிடமாயிற்று என்பது வழிவழி வரும் செய்தி. அம்மச்சிப் பிலாவு என்று அம்மரத்தை இன்றும் கிருஷ்ணன் கோயிலருகே காட்டுவர். அந்தக் காலத்தில் அரசனுக்கென்று தனிப்படை பெரிதாக இருந்ததில்லை. வாளும் வேலும் களரிகளில் இருந்தன. களரிகள் ஊர்தோறும் இருந்தன. ஆகவே படை என்பது வீடுகளில்தான் இருந்தது. அரசனைக் காக்கவும் அது வந்தது, அரசனைத் துரத்தவும் வந்தது. இந்த நிலைமையை மாற்ற வேண்டும் என்று மார்த்தாண்ட வர்மருக்குத் தோன்றியதில் வியப்பில்லை.

1741 ஆகஸ்டில் குளச்சலில் டச்சுக்காரர் தோற்றனர். சிறைப்பட்டவர்களுள் ஒருவரான டிலனாய் என்பவர் பின்னர் அரசரிடம் பணி ஏற்று, ‘வலிய கப்பித்தான்’ என்று பெயர் பெற்று, ஐரோப்பிய முறையில் துப்பாக்கிப் படையைப் பயிற்றினார். உதயகிரிக் கோட்டையில் பீரங்கி வார்க்கும் உலைக்களம் எழுந்தது. 1777இல் அவர் இறந்தபோது அக்கோட்டைக்குள்ளேயே அடக்கம் செய்தனர். கல்லறைக் கல்லில் இலத்தீனிலும் தமிழிலும் எழுத்து வெட்டப்பட்டிருக்கிறது. கடல் கடந்து வந்த ஒரு கப்பித்தானின் கல்லறையில் தமிழ் எழுத்தைக் காண்பது, நம்போல் ஊர்விட்டு ஊர் வந்து வாழ்பவர்க்குத் தனி மகிழ்ச்சி தரும். உதயகிரிக்குச் செல்லும் அன்பர்கள் அதைப் பாராமல் திரும்ப வேண்டாம். நம் கதைக்கு வேண்டிய செய்தி, வீட்டிலிருந்த ஆயுதம் அரசனின் ஆயுதசாலைக்கு இடம் மாறத் தொடங்கியது அக்காலத்தில் என்பதே.

இடம் மாறியது ஒரு வகை. பறிக்கப்பட்டது வேறு வகை. கட்டபொம்மன் 1799 அக்டோபர் 16 அன்று கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டபின், பாளையக்காரரின் கோட்டைகளை இடிக்கவும் ஆயுதங்களை ஒப்புவிக்கவும் பானர்மன் உத்தரவிட்டான். 1801 மே மாதத்தில் பாஞ்சாலங்குறிச்சி மீண்டும் வீழ்ந்தது; அக்டோபர் 24இல் மருது சகோதரர் திருப்பத்தூரில் தூக்கிலேறினர்; டிசம்பர் 1இல் சென்னைக் கவர்னர் எட்வர்டு கிளைவ் ஓர் அறிக்கை வெளியிட்டு, குடிகள் ஆயுதம் வைத்திருக்கும் வழக்கத்துக்கே முற்றுப்புள்ளி வைக்க முனைந்தான். வேலும் துப்பாக்கியும் வீட்டில் இருந்தால் குற்றம் என்றாயிற்று. மேற்குத்தொடர் மலைக்கு அப்பால் நடந்த இது நம் சீமைக்குச் சம்பந்தமில்லாதது என்று எண்ண வேண்டாம். ஜேம்ஸ் வெல்ஷ் என்ற கம்பெனி அதிகாரி, இளமையில் சின்ன மருதுவிடம் நட்புக் கொண்டு, வளரி வீசும் கலையை அவரிடமே கற்றதாகத் தம் நினைவுக் குறிப்பில் எழுதியிருக்கிறார். 1801 போரில் அதே மருதுவுக்கு எதிரே நின்ற படையில் அவரும் இருந்தார். எட்டாண்டுகள் கழித்து, 1809 பிப்ரவரி 10 அன்று, ஆரல்வாய்மொழி அரணை மலைப்பக்கமாக ஏறித் தாக்கிய படைக்குத் தலைமை தாங்கியவரும் அவரே. ஒரே மனிதர், ஒரே கம்பெனி, மலைக்கு இப்புறமும் அப்புறமும் ஒரே வேலை.

ஆரல்வாய்மொழி வீழ்ந்தது எதனால் என்று சுருங்கச் சொல்வோம். 1805ஆம் ஆண்டு உடன்படிக்கையால் திருவிதாங்கூர் ஆண்டுதோறும் எட்டு லட்சம் ரூபாய் கம்பெனிக்குக் கட்ட வேண்டியதாயிற்று. பணம் கொடுக்க முடியாமலும், ரெசிடென்ட் மெக்காலேயின் நெருக்குதல் பொறுக்க முடியாமலும், தளக்குளத்தில் பிறந்த வேலுத்தம்பி, கம்பெனிக்கு எதிராக எழுந்தார். 1808 டிசம்பரில் கொச்சியில் ரெசிடென்டின் மாளிகை தாக்கப்பட்டது. 1809 ஜனவரி 11 அன்று குண்டறை விளம்பரம் வெளிவந்தது. ஒரு மாதத்துக்குள் தெற்கு வாயில் உடைந்தது. மண்ணடிக் கோயிலில் உயிர் நீத்த தளவாயின் உடலைத் திருவனந்தபுரத்துக்குக் கொணர்ந்து கண்ணம்மூலையில் தொங்கவிட்டனர். அவர் வீடு இடித்துத் தரைமட்டமாக்கப்பட்டது. சமஸ்தானப் படையையும் கலைத்து, சடங்குக்கு வேண்டிய சிலரை மட்டும் விட்டுவைத்தனர்.

இப்பொழுது கிளிமானூர் அரண்மனைக்கு வருவோம். தளவாயைத் தேடித் திரிந்த படைக்கு, அவர் தங்கிய வீடு எது, அவர் பொருள் யாரிடம் என்பது எளிதில் தெரியக்கூடியதே. பிறந்த வீட்டுக்கு நேர்ந்த கதி கண்முன் இருக்கிறது. அந்த வாளைக் குளத்தில் எறிந்திருக்கலாம். புதிய அதிகாரத்திடம் கொண்டுபோய்க் கொடுத்து நல்லெண்ணம் தேடியிருக்கலாம். அவர்கள் இரண்டும் செய்யவில்லை. ஏறத்தாழ 150 ஆண்டுக் காலம், தலைமுறைக்குப் பின் தலைமுறையாக, அது அங்கேயே இருந்தது. ஓவியர் இரவிவர்மா 1848இல் பிறந்து வளர்ந்தது அந்த அரண்மனையில்தான். அவர் தூரிகை பிடித்த காலத்திலும் அந்த வாள் அவ்வீட்டில் இருந்தது என்று எண்ணும்போது நமக்குச் சிலிர்க்கிறது.

நாடு விடுதலை பெற்றபின், 1957இல், அக்குடும்பத்தார் அதனைக் குடியரசுத் தலைவர் இராஜேந்திர பிரசாதிடம் அளித்தனர். வாள் தில்லித் தேசிய அருங்காட்சியகத்துக்குச் சென்றது. செயல் பெருமைக்குரியது, ஆனால் அதன் பின்விளைவை மறைத்தல் ஆகாது. அடுத்த 50 ஆண்டுகளுக்கும் மேலாகத் தளக்குளத்துப் பிள்ளைக்கும் குண்டறைப் பிள்ளைக்கும் அது எட்டாத பொருளாயிற்று. ஒரு பெரிய அருங்காட்சியகத்தில் ஆயிரம் வாள்களுக்கு நடுவே அதுவும் ஒரு வாள். 2010 ஜூன் மாதத்தில்தான் அது திருவனந்தபுரம் நேப்பியர் அருங்காட்சியகத்துக்குத் திரும்பி வந்தது. ஆகவே, ‘அரசாங்கத்துக்குக் கொடுத்துவிடுங்கள்’ என்று சொல்வது எளிது. எந்த ஊரில், எந்தக் கண்ணாடிப் பேழையில், எந்தப் பெயர்ச்சீட்டுடன் என்பதே கேள்வி.

பெயர்ச்சீட்டு என்றதும் வேறொன்று நினைவுக்கு வருகிறது. 1928 டிசம்பர் 17 அன்று லாகூரில் சாண்டர்ஸைச் சுட்ட வழக்கில் பகத்சிங்கினுடையது என்று குறிக்கப்பட்ட .32 கோல்ட் கைத்துப்பாக்கி, அவர் தூக்கிலிடப்பட்டபின் பஞ்சாபின் பில்லௌர் காவலர் பயிற்சிப் பள்ளிக்கு அனுப்பப்பட்டது. 1969இல் பல ஆயுதங்களுடன் ஒன்றாக இந்தூரில் எல்லைப் பாதுகாப்புப் படையின் பள்ளிக்குப் போய்ச் சேர்ந்தது. அங்கே துருப்பிடியாதிருக்கக் கறுப்பு வண்ணம் பூசி, மற்றத் துப்பாக்கிகளுடன் பலகையில் மாட்டிவைத்திருந்தனர். வருவோர் போவோர் அனைவரும் அதைப் பார்த்தனர். ஒருவருக்கும் அது இன்னது என்று தெரியாது. 2016ஆம் ஆண்டில் பழைய வழக்குத்தாளில் இருந்த 168896 என்னும் எண்ணையும், வண்ணத்தைச் சுரண்டியபின் இரும்பில் தெரிந்த எண்ணையும் ஒப்பிட்டுப் பார்த்தபோதே உண்மை வெளிப்பட்டது. இப்பொழுது அது ஹுசைனிவாலாவில் உரிய மரியாதையுடன் இருக்கிறது. ஆறு இலக்கங்கள் காகிதத்தில் எழுதப்படாமல் போயிருந்தால், அந்தத் துப்பாக்கி இன்றும் பெயரற்ற இரும்பாகவே தொங்கிக்கொண்டிருக்கும். சந்திரசேகர ஆசாத்தின் கோல்ட்டோ, 1931இல் அவர் உயிர்நீத்த பின் ஓர் ஆங்கிலப் போலீஸ் அதிகாரியுடன் கப்பலேறிவிட்டது. 1970களில் திரும்பப் பெற்று வந்தனர். அலகாபாத் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

நம் பக்கத்திலும் ஒரு கைத்துப்பாக்கி சரித்திரத்தில் ஏறியது. செங்கோட்டையில் பிறந்து, திருவிதாங்கூர் வனத்துறையில் புனலூரில் வேலை பார்த்த வாஞ்சிநாதன், 1911 ஜூன் 17 அன்று மணியாச்சி நிலையத்தில் ஆஷ் துரையைச் சுட்டதும், தன்னைத் தானே சுட்டுக்கொண்டதும் பிரௌனிங் கைத்துப்பாக்கியால் என்பது நாம் அறிந்ததே. அச்செயலைப் பற்றிப் பல கருத்துகள் உண்டு. அவற்றுள் புகுதல் இங்கு வேண்டா. அன்று அத்தகைய ஒரு துப்பாக்கியை வைத்திருந்ததே குற்றம். 1878ஆம் ஆண்டு லிட்டன் பிரபு காலத்தில் வந்த ஆயுதச் சட்டம், ஐரோப்பியருக்கு விலக்களித்து இந்தியனை உரிமம் கேட்கச் செய்தது. கொடகு நாட்டாருக்கு மட்டும் ஆங்கிலேயர் மகிழ்ந்து அளித்த விலக்கு உண்டு. அது விடுதலைக்குப் பின்னும் தொடர்ந்து, கடைசியாக 2029 வரை நீட்டிக்கப்பட்டிருக்கிறது. அவர்கள் கயில்போத் திருநாளில் துப்பாக்கிக்குப் பூச்சூட்டி வணங்குவர். நம் வீடுகளில் ஆயுத பூசையன்று அரிவாள்மணைக்கும் தையல் பொறிக்கும் சந்தனம் இடுவதோடு சரி.

ஆங்கிலேயர் செய்த மற்றோர் ஏற்பாட்டை இங்கே விளக்க வேண்டும். விற்பனைப் பேச்சுக்கு அதுவே அடிப்படை. படையில் வழங்கும் தோட்டா குடிகளின் துப்பாக்கியில் பொருந்துமாயின், படைக்கிடங்கில் திருடிய தோட்டா கலகத்துக்குப் பயன்படும் அல்லவா? ஆதலால் இராணுவம் வழங்கும் விட்டங்களைக் குடிகளுக்கு மறுத்தனர். சுதந்திர இந்தியாவின் 1959ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழும் இந்தப் பாகுபாடு நீங்கவில்லை. .303 ரைபிள், .38, .455, 9 மில்லிமீட்டர் ஆகியவை தடைசெய்யப்பட்ட விட்டங்கள். சாதாரண உரிமக்காரருக்குக் கிடைப்பது .32 கைத்துப்பாக்கியும் .315 ரைபிளும் இரட்டைக்குழல் வேட்டைத் துப்பாக்கியுமே. ஆகவே நம் நண்பர் வீட்டு வெப்ளியை முறைப்படி வாங்கத் தகுதியுடையோர் மிகச் சிலர். வெளிநாட்டுக் கைத்துப்பாக்கிகளின் இறக்குமதி 1980களில் நிறுத்தப்பட்டபின், பழைய .32 வகைகளுக்குப் பெருவிலை ஏறியது உண்மை. அந்த விலைக் கதையைக் கேட்டுத்தான் இளையவருக்கு ஆசை பிறந்தது. ஆனால் அவருடைய பொருள் .455. ‘சீட்டெல்லாம் எதற்கு, நான் பார்த்துக்கொள்கிறேன், மாற்றாக நல்ல பொருள் ஒன்று தருகிறேன்’ என்று ஓர் ஆள் சொல்லி அனுப்பினாராம். அந்த வழியில் கால் வைத்தால் முடிவு சிறைச்சாலை. தோட்டா இல்லாத துப்பாக்கியும் சட்டத்தின் கண்ணில் துப்பாக்கியே.

விற்பது தவறு என்று நாம் சொல்ல வரவில்லை. பொருள் முட்டுப்பாடு உள்ள வீட்டில் பாட்டனார் துப்பாக்கியைவிடப் பேரப்பிள்ளையின் படிப்பு பெரிது. 1799இல் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு வீழ்ந்தபின் அவர் படுக்கையறையிலிருந்து எடுத்து டேவிட் பேர்டுக்கு அளிக்கப்பட்ட வாள், 2023 மே மாதத்தில் லண்டனில் ஒரு கோடியே 40 லட்சம் பவுண்டுக்கு ஏலம் போயிற்று. இரும்புக்கா அந்த விலை? அது யாருடைய வாள் என்பதற்கு இருந்த சான்றுகளுக்கு அந்த விலை. சான்று இல்லாத பழைய துப்பாக்கியை வாங்குபவன் இரும்பையே வாங்குகிறான். இரும்பு விலையே தருவான். நூறாண்டு கடந்த பொருளாயின் 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்தின்படி நாட்டைவிட்டு வெளியே அனுப்பவும் இயலாது.

இளையவரின் வாதத்தில் விலையைத் தவிர வேறொன்றும் இருந்தது. அதைக் கேட்டபோது நாம் சற்று நேரம் பேசாதிருந்தோம். அவர் தாய்வழிப் பாட்டியின் வீடு நெய்யாற்றங்கரை. 1938 ஆகஸ்ட் 31 அன்று, ஸ்டேட் காங்கிரஸ் தலைவர் என். கே. பத்மநாப பிள்ளையைக் கைது செய்ததைக் கண்டித்துத் திரண்ட மக்கள்மீது சமஸ்தானப் படை சுட்டது. வீரராகவன் முதலியோர் உயிரிழந்தனர். பாட்டியின் தமையனார் அக்கூட்டத்தில் நின்றவர், பிழைத்து வந்தவர். ‘தந்தைவழிப் பாட்டனார் வெள்ளைக்காரன் படையில் துப்பாக்கி பிடித்தார், தாய்வழி முன்னோர் துப்பாக்கிக்கு எதிரே நின்றார். இரண்டில் எதைச் சுவரில் மாட்டுவது?’ என்று அவர் கேட்டார். படைக்கலத்தைக் குலப்பெருமை என்று மட்டும் பேசுவோர் இக்கேள்விக்கு விடை சொல்லிவிட்டு மேலே பேச வேண்டும். மூத்தவரும் இதற்கு உடனே விடை சொல்லவில்லை. பாட்டனார் பர்மாவில் பட்ட பாடும், ஊர் திரும்பியபின் அந்தத் துப்பாக்கியை ஒருநாளும் வெளியே எடுத்துக் காட்டாமல் பெட்டியில் பூட்டியே வைத்ததும் அவருக்குத் தெரியும். பெருமைக்காக அவர் அதை வைத்திருக்கவில்லை என்பது மூத்தவருக்கும் மெல்ல விளங்கிற்று.

அதன்பின் பேச்சு அமைதியாக நடந்தது. துப்பாக்கி எப்படி வீட்டுக்கு வந்தது என்று நாம் கேட்டோம். விடுதலையின்போது நாடு திரும்பிய ஆங்கில அதிகாரி ஒருவரிடம் விலைக்கு வாங்கியது என்பது மூத்தவர் கேட்ட கதை. சர்க்கார் ஏலத்தில் எடுத்தது என்பது அத்தையார் கேட்ட கதை. இரும்பே இதற்குச் சாட்சி சொல்லும். பிரிட்டிஷ் அரசாங்கத்துப் பொருள்மீது அகன்ற அம்பு முனை ஒன்று குத்தப்பட்டிருக்கும். அரசாங்கமே அதை விற்றுக் கழித்துவிட்டால், அவ்வம்புக்கு எதிரே மற்றோர் அம்பைக் குத்தி, இரண்டு முனைகளும் ஒன்றையொன்று தொடும்படி செய்வர். ஓர் அம்பு மட்டும் இருந்தால் அது படையிலிருந்து கணக்கில்லாமல் வெளியேறியதோ என்ற ஐயம் எழும். இரண்டு இருந்தால் ஐயமில்லை. காவல் நிலைய அதிகாரியின் அனுமதியுடன், அவர் முன்னிலையிலேயே, பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தனர். இரண்டு அம்புகளும் முனையோடு முனை சேர்ந்து நின்றன. அத்தையாருக்கு அன்று இருந்த மகிழ்ச்சியைச் சொல்லி முடியாது. ‘எங்க அப்பா களவுப் பொருளைத் தொட்டவரில்லை’ என்று நான்கு பேரிடம் சொன்னார்.

எண், குறிகள், உரிமச் சீட்டின் பழைய பக்கங்கள், புதுப்பித்த ஆண்டுகள், பாட்டனார் படையில் பெற்ற பதக்கத்தின் விளிம்பில் உள்ள எண், அவர் சொன்ன கதைகளில் அத்தையாருக்கு நினைவிலிருப்பவை — இவற்றை ஒரு குறிப்பேட்டில் எழுதச் சொன்னோம். நெய்யாற்றங்கரைத் தாய்மாமன் கதையையும் அதே குறிப்பேட்டில் எழுத வேண்டும் என்று இளையவர் கேட்டுக்கொண்டார். அது நியாயமே. ஒரே வீட்டில் இரண்டும் நடந்தனவாதலால் ஒரே ஏட்டில் இருக்கட்டும் என்றோம்.

இனி நம் கருத்து. வாரிசு முறையில் உரிமம் கேட்கச் சட்டத்தில் இடமுண்டு. 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தின்பின் ஒருவர் இரண்டு துப்பாக்கிகளுக்கு மேல் வைத்திருத்தல் ஆகாது. தடைசெய்யப்பட்ட விட்டமாதலால் அனுமதி கிடைப்பது அரிது. கிடைத்தாலும் காப்பது சுமை. இரும்புப் பெட்டி வேண்டும். ஐந்தாண்டுக்கொரு முறை புதுப்பிக்க வேண்டும். தேர்தல் வந்தால் அதிகாரிகள் கேட்கும்போது ஒப்படைக்க வேண்டும். இரு பேரப்பிள்ளைகளுள் ஒருவன் பெங்களூரில், ஒருத்தி துபாயில். மூத்தவருக்குப் பின் அந்தச் சாவி யாரிடம் செல்லும்? சாவி செல்ல ஆள் இல்லாத வீட்டில் துப்பாக்கி இருத்தல் கூடாது என்பதே நம் துணிபு. சுடவியலாதவாறு முற்றும் செயலறச் செய்துவிட்டால், பழுதுபார்த்தும் சுடவியலாத பழம்பொருளுக்குச் சட்டம் விலக்களிக்கிறது. ஆனால் குழலைத் துளைத்து உடலை அறுத்துவிட்ட பொருளை வைத்திருப்பதை மூத்தவர் விரும்பவில்லை. ‘ஊனப்படுத்தி வைப்பதைவிட முழுதாகக் கொடுப்பது நன்று’ என்றார். அவர் வாயிலிருந்து ‘கொடுப்பது’ என்ற சொல் முதன்முதலாக அப்பொழுதுதான் வந்தது.

கொடுப்பதாயின் எங்கே? கிளிமானூர் வாள் தில்லிக்குப் போய் அரை நூற்றாண்டு அங்கேயே இருந்த கதையை நாம் எடுத்துரைத்தோம். இங்கே ஓர் இடர். 1956 நவம்பர் 1 அன்று எல்லை வகுத்தபோது விளவங்கோடும் கல்குளமும் தோவாளையும் அகஸ்தீஸ்வரமும் சென்னை இராச்சியத்தில் சேர்ந்தன. தமிழர் கோரிய நெய்யாற்றங்கரை கேரளத்திலேயே நின்றது. இக்குடும்பத்தின் ஒரு கிளை இப்புறம், ஒரு கிளை அப்புறம் மார்த்தாண்டத்தில். திருவனந்தபுரத்தில் கொடுத்தால் அவர்களுக்கு மனக்குறை; நாகர்கோவிலில் கொடுத்தால் இவர்களுக்கு. அத்தையார்தாம் பத்மநாபபுரத்தை நினைவூட்டினார். அரண்மனை நிற்கும் மண் தமிழ்நாடு. அதை நிருவகிப்பது கேரளத் தொல்லியல் துறை. இரு அரசுகளுக்கும் இடையே இத்தகைய ஏற்பாட்டை வேறெங்கும் எளிதில் காண முடியாது. டிலனாயின் உதயகிரியும் அங்கிருந்து கூப்பிடு தூரம்.

அரண்மனையின் பழம்பொருள்களோடு உலகப்போர்க் காலத்துச் சுழல்துப்பாக்கி ஒன்றைச் சேர்த்துக்கொள்வார்களா என்பது துறையினர் முடிவு செய்ய வேண்டியது. அவர்கள் மறுத்தால் இரண்டாவதாகக் கேட்க வேண்டிய இடம் மதராஸ் ரெஜிமெண்டு என்று குறித்துவைத்திருக்கிறோம். பழைய திருவிதாங்கூர்ப் படையின் வாரிசுகளாக 9ஆம், 16ஆம் பட்டாளங்கள் அதில் இன்றும் உள்ளன. மாவட்ட ஆட்சியர்க்கு எழுதிய விண்ணப்பத்தில் இருவர் கையெழுத்தும் இருக்கிறது. இளையவரின் கையெழுத்து முதலில் உள்ளது. இம்மலர் அச்சுக்குச் செல்லும் இந்நாளில் துப்பாக்கி காவல் நிலையத்து இரும்பறையில் உள்ளது. குறிப்பேட்டின் ஒரு படி சங்க நூலகத்தில், பெயர்களை மறைத்து, வைக்கப்பட்டிருக்கிறது. அதில் அத்தையார் இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறார். இதுவரை 31 பக்கம்.